வாசலில் கழற்றாத பூட்ஸ்

ஜூன் 12, வியாழன்

ஆபீஸில் எல்லோருக்கும் டைரி கொடுத்தார்கள். ஜூன் மாதம் டைரி கொடுக்கிற கம்பெனி எங்களுடையதாகத்தான் இருக்கும். ஜனவரியில் அச்சடித்துக் கட்டு கட்டாக வைத்ததை ஷூ பெட்டிகளுக்குப் பின்னால் போட்டு மறந்துவிட்டார்களாம். பாதி வருஷம் வெற்றுத் தாளாகப் போய்விட்டதே என்று ஒருத்தி வருத்தப்பட்டாள். எனக்கு வருத்தமில்லை. அந்தப் பாதியில் எழுதும்படி ஒன்றும் நடக்கவும் இல்லை.

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. நான் போட்டிருந்தது கணுக்காலுக்கு மேல் ஏறும் கறுப்பு பூட்ஸ். அடி மட்டுமே மூன்று விரல் தடிமன். ஆலந்தூரில் ஷேர் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, மிலிட்டரியா?" என்றார். "இல்லீங்ணா, நேவி" என்றேன். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கிண்டியில் இறங்கும் வரை நன்றாக இருந்தது. இறங்கிய பிறகுதான், நேற்று சாயங்காலத்துக்கு அப்புறம் நான் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை அது என்று தோன்றியது.

என் வேலையை அம்மாவுக்கு இன்னும் விளக்கி முடியவில்லை. இணையத்தில் ஷூ விற்கும் கடைக்கு ஸ்டைலிஸ்ட். எந்த பூட்ஸுக்கு எந்தப் பாவாடை, என்ன சாக்ஸ், பின்னால் என்ன நிறத்துத் தாள் என்று முடிவு செய்ய வேண்டும். படம் எடுத்த பிறகு கீழே நாலு வரி எழுத வேண்டும். "இதுக்கா கண்ணு சம்பளம் தர்றாங்க?" என்று அம்மா கேட்கும். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

ஜூன் 13, வெள்ளி

காட்டன் புடவைக்குக் கீழே தடி பூட்ஸ் வைத்துப் படம் போட்டோம். "வெள்ளத்துக்கு உதவும்" என்று ஒருவர் கமெண்ட் எழுதியிருக்கிறார். சென்னைக்காரர்தான்.

ஜூன் 17, செவ்வாய்

அறிவுமதியைப் பற்றி எழுதாமல் இந்த டைரியில் வேறு யாரைப் பற்றி எழுதுவது? எங்கள் ஸ்டூடியோவின் போட்டோகிராபர். வியாசர்பாடிப் பெண். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. நாள் முழுக்கத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கால்களைப் படம் எடுப்பாள். முகத்தைவிடக் கால்தான் உண்மை பேசும் என்பாள். பிறகு அவளே, "ரொம்ப பேசிட்டனா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

"கோகி, அந்த லேஸ அவுத்து வுடு. இவ்ளோ டைட்டா கட்னா ஸ்கூல் பையன் ஷூ மாதிரி இருக்கு" என்றாள் இன்று. கோகிலவாணியைக் கோகி ஆக்கியவள் அவள்தான். மதியம் அவள் டப்பாவும் என் டப்பாவும் ஒன்றாகத் திறக்கும். அவள் அம்மா வைக்கிற கருவாட்டுத் தொக்குக்கு நான் அடிமை. என் தயிர் சாதத்தை அவள் பாவம் பார்த்துச் சாப்பிடுகிறாள். மாடல் பெண்கள், கூரியர்காரர், டீக்கடை என்று எல்லோரும் அவளுக்குப் பழக்கம். எனக்கு அவள் மட்டும்தான் பழக்கம். இதை அவளிடம் சொன்னதில்லை.

சாயங்காலம் முதலாளி இம்தியாஸ் சார் கூட்டம் போட்டார். வாணியம்பாடியில் தலைமுறையாகத் தோல் வியாபாரம் செய்த குடும்பம். "தடி சோல் அடுத்த சீசனோட சரிம்மா. இனிமே எல்லாம் மெலிசு. பாலே டான்ஸ் ஆடுற பொண்ணுங்க போடுமே, அந்த மாதிரி ஃப்ளாட். தரையே தெரியணும்னு கேக்குறான் வெள்ளைக்காரன்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

ஜூன் 21, சனி

புது பூட்ஸை ரிப்பேர் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். இடது அடியில் ஒரு அடுக்கு சீவி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வலதுக்குள் குதிகால் திண்டு வைக்க வேண்டும். தடி அடி என்றால் சீவியது வெளியே தெரியாது. மெலிசு அடியில் சீவ என்ன இருக்கிறது?

சரி, எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்? என் வலது கால் இடதைவிட ஒன்றரை அங்குலம் குட்டை. நான்காம் வகுப்பில் அப்பாவின் மொபெட்டிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டுச் சேர்ந்துவிட்டது. சேர்ந்த எலும்பு மற்றதற்கு ஈடாக வளரவில்லை, அவ்வளவுதான். தாராபுரத்தில் பள்ளிக்கூடம் முடிக்கும் வரை ஒரு பக்கம் மட்டும் அடி உயர்த்திய கறுப்பு ஷூ. பெயரே செங்கல் கோகிலா. வாத்தியார் ஒருவர்கூட மறந்துபோய் அப்படிக் கூப்பிட்டார்.

பிறகு கல்லூரிக் காலம் முடிந்து சென்னை வந்தேன். ஒரு நாள் பார்த்தால், உலகமே காலில் செங்கல் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தது. கொரியாக்காரி போட்டாள், பாட்டுக் குழுப் பெண்கள் போட்டார்கள், காலேஜ் பெண்கள் சுடிதாருக்குக் கீழேயே போட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு யார் நடந்தாலும் கொஞ்சம் தடதடவென்றுதான் நடப்பார்கள். கூட்டத்தில் நானும் ஒருத்தி ஆனேன். எனக்கு ஃபேஷன் பிடிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஃபேஷனுக்குத்தான் என்னைப் பிடித்தது.

ஜூன் 29, ஞாயிறு

துணி துவைத்தேன். அறையைப் பெருக்கினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு பெருக்குவதற்குள் இடுப்பு கடுத்துவிட்டது. இந்த வீட்டை நான் பிடித்ததே வெளிப்பக்க இரும்புப் படிக்காகத்தான். ஹவுஸ் ஓனர் வீட்டு நடையைத் தாண்ட வேண்டியதில்லை. வெறுங்காலோடு நான் நடப்பதை இந்தச் சுவர்கள் மட்டும் பார்க்கின்றன.

நம் ஊரில் ஒரே ஒரு சிக்கல். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். கோயிலும் அப்படி. கல்யாணம், காதுகுத்து, பல் டாக்டர், சில ஜவுளிக் கடைகள்கூட அப்படித்தான். என் சென்னை என்பது செருப்போடு போகக்கூடிய சென்னை. மால், சினிமா, மெட்ரோ, கடற்கரையில் மணல் தொடங்கும் இடம் வரை. இந்த ஊருக்கு வந்து எட்டு வருஷமாகிறது. ஒரு வீட்டுக்குள் போனதில்லை. அடுத்தவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் உள்ளே இருந்து எப்படிக் கேட்கும் என்றே மறந்துவிட்டது.

தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது. பிடித்தும் இருக்கிறது. இன்று நாள் முழுக்க வாய் திறக்கவில்லை, தொண்டைக்கு நல்ல ஓய்வு.

ஜூலை 1, செவ்வாய்

ஸ்டூடியோவில் பொம்மைக் காலுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் அம்மாவின் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏங் கண்ணு, பெரியப்பா ஊட்டுக் கல்யாணத்துக்கு வருவியா, இந்தத் தடவையும் லீவு இல்லைன்னு சொல்லுவியா?"

"லீவு இல்லீங்ம்மா."

"என்னமோ போ. பக்கத்துல ஆரு பேச்சுச் சத்தம்?"

"அறிவுமதிம்மா. போட்டோ எடுக்கறவ. கருவாட்டுத் தொக்கு கொண்டு வருவான்னு சொன்னனே."

"அந்த வியாசர்பாடிப் புள்ளயா? நம்மாளுங்களா?"

"தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

அறிவு லென்ஸை மாற்றிக்கொண்டிருந்தாள். லென்ஸில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, அதற்குப் பிறகு மதியம் வரை பேசவே இல்லை. சாப்பாட்டு வேளையில் சரியாகிவிட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

மெலிசு ஃப்ளாட் வந்து இறங்கிவிட்டது. மூன்று பெட்டி. கையில் எடுத்தால் மடங்குகிறது, தோசையைச் சுருட்டுவது போலச் சுருட்டலாம். இம்தியாஸ் சாருக்கு ஒரு யோசனை. மாடல் வேண்டாம், ஆபீஸ் பெண்களே போட்டுக்கொண்டு வரிசையாக நடந்து வர வேண்டும், அதை ரீலாகப் போட வேண்டும். "கோகிலா, நீதான் முன்னாடி. உன் ஸ்டைலுக்கு எல்லாரும் பாப்பாங்க."

வயிற்றுவலி என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் கேமராவுக்குப் பின்னாலிருந்து அறிவு, "சார், கோகி நடக்க வேணாம். அந்த சோபா கை மேல ஏறி உக்காந்து காலாட்டட்டும், மத்தவங்க அவளத் தாண்டிப் போவட்டும். பிரேம் சூப்பரா வரும்" என்றாள். சார் ஒப்புக்கொண்டார். பிரேம் உண்மையிலேயே சூப்பராக வந்தது. என்ன அதிர்ஷ்டம் எனக்கு!

ஜூலை 11, வெள்ளி

அறிவு வீடு மாறுகிறாள். வியாசர்பாடியிலேயே, வருஷக்கணக்காகக் காத்திருந்த ஃப்ளாட்டின் சாவி ஒருவழியாகக் கையில் வந்துவிட்டதாம். இருபதாம் தேதி ஞாயிறு பால் காய்ச்சுகிறார்கள்.

"ஆடி மாசத்துலயா?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்கம்மா நாளு கிழமலாம் பாக்காது. ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் லீவு, அதான் நல்ல நேரம்னு சொல்லிடுச்சு. நீ வர்ற."

"பாக்கறேன்."

"பாக்கறேன்லாம் இல்ல. ரெண்டு வருஷமா கூப்டுறேன். எங்கண்ணன் கல்யாணத்துக்கு வர்ல. அம்மா ஆஸ்பத்திரிலருந்து வந்தப்ப பாக்க வர்ல. கேட்டா பாக்கறேன் பாக்கறேன்னு சொல்ற." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தத் தடவ வா கோகி. எனக்கு நீ வரணும்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் வேறு எதுவும் சொல்ல முடியாது.

ஜூலை 19, சனி

பிரஷர் குக்கர் வாங்கினேன், ஐந்து லிட்டர். நாளைக்குப் போவதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசனை. போவேன். போய், வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டு, ஒரு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டால் ஆயிற்று. போனது போலவும் இருக்கும், கழற்றாதது போலவும் இருக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

போய் வந்துவிட்டேன்.

மூன்றாவது மாடி. நடை முழுக்கச் செருப்புகள் இறைந்து கிடந்தன. கதவுக்கு மாவிலை. உள்ளே கூட்டம், புதுப் பெயின்ட் வாசனை, குழந்தைகள் குளியலறைக் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். அறிவு பச்சைப் பட்டில் இருந்தாள், அவளைப் புடவையில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்ததும், "அம்மா, கோகி வந்துட்டா!" என்று கத்தினாள். உள்ளே இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளுடைய அம்மா பூங்காவனம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வாம்மா, உள்ள வா. உம்பேர்தான் வூட்ல எந்நேரமும். எனக்கு தொக்குக்கு சர்டிபிகேட் குடுத்த பொண்ணாச்சே."

"இருக்கட்டுங்ம்மா, அவசரமா போகோணும். வேற ஒரு வேலை இருக்குதுங்க" என்று குக்கரை வாசல்படிக்கு மேலாக நீட்டினேன். என் பூட்ஸ் படிக்கு இந்தப் பக்கமே இருந்தது. எல்லோரும் என் காலைத்தான் பார்ப்பது போல இருந்தது எனக்கு.

"பால் காய்ச்சுற வூட்டுக்கு வந்துட்டு வாசல்லயே போவக் கூடாதும்மா" என்று சொல்லி, அவரே உள்ளே போய் ஒரு டம்ளரில் பால் கொண்டு வந்தார். ஆவி பறந்தது. அது ஆறி நான் குடித்து முடிக்கும் வரை அங்கே நின்றால், உள்ளே வா என்று இன்னும் நாலு பேர் இழுப்பார்கள். பால் ஒத்துக்காது என்றேன். "அப்ப ஒரு வாய் தண்ணியாச்சும் குடிச்சுட்டுப் போ" என்றார். "பைல பாட்டில் இருக்குதுங்ம்மா" என்றேன்.

அறிவு படி வரைகூட வரவில்லை, விருந்தாளிகள் இருந்தார்கள் அல்லவா. நான் கம்பியைப் பிடித்து இறங்கி வந்துவிட்டேன். கால் யாருக்கும் தெரியவில்லை. நல்லபடியாக முடிந்தது.

ஜூலை 22, செவ்வாய்

அறிவு மதியம் சாப்பிடப் போனபோது என்னைக் கூப்பிடவில்லை. வீடு மாறிய அலைச்சல்.

ஜூலை 25, வெள்ளி

குக்கர் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "ம்" என்றாள். ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்திருக்கும். மிக்சி வாங்கியிருக்கலாம்.

ஜூலை 30, புதன்

இன்று என்னைக் கோகிலவாணி என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "கோகிலவாணி, நிழல் விழுது, தள்ளி நில்லுங்க." நில்லுங்க! யாரோ வெளியாளிடம் பேசுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அங்கே நான்தான் இருந்தேன்.

அவளுக்கு மாடல் பெண்களோடு சாப்பாடு. எனக்கு ஷூ பெட்டிகளோடு. தயிர் சாதம் தனியாகச் சாப்பிட்டால் எவ்வளவு புளிக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

பழைய தடி பூட்ஸையெல்லாம் பாதி விலைக்குத் தள்ளுகிறோம். "கடைசி வாய்ப்பு" என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். என் அளவில் நாலு ஜோடி எடுத்து வைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆலந்தூருக்கு நடந்தே போனேன், பேச்சு வேண்டாம் என்று.

எனக்கு அறிவு வேண்டும். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவள் டப்பாவைத் திறக்கும்போது மூடியில் தாளம் போடுவாள். அந்தச் சத்தம் இப்போது அறையின் அந்தக் கோடியிலிருந்து வருகிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எல்லோரும் போன பிறகு அறிவு பின்னணித் தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மறுமுனையைப் பிடித்தேன். "நானே பாத்துக்குறேன்" என்றாள். விடவில்லை. என்மேல் என்ன கோபம் என்று கேட்டேன். தாளைக் கீழே போட்டாள்.

"நெஜமாவே தெரியாதா?"

"தெரியாது அறிவு."

"ஆபீஸ்ல எங்கம்மா தொக்க நக்கி நக்கித் துன்ற. ஆபீஸ்ல எல்லாருந்தான் துன்றாங்க. வெளிய ஓட்டல்லயும் ஒண்ணா உக்காந்து துன்னுவாங்க. வூட்டுக்குள்ள வர்றதுலதான் தெரியும், யார் யாருன்னு. ரெண்டு வருஷமா நீ வர்ல. நான் வேற மாதிரி நெனைக்கல. உங்கம்மா போன்ல நம்மாளுங்களான்னு கேட்டப்பகூட, பெரியவங்க, ஊருக்காரங்க, அப்படித்தான் கேப்பாங்கன்னு வுட்டேன். நீ அப்படி இல்லன்னு நெனச்சுத்தான் கூப்ட்டேன்."

தாளின் மறுமுனை இன்னும் என் கையில்தான் இருந்தது.

"வந்த. படி தாண்டல. பாலு வேணாம். தண்ணி வேணாம், பையில பாட்டில் இருக்கு. என் சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரு முன்னாடி." குரல் உடையும் என்று நினைத்தேன், உடையவில்லை. "எங்கம்மா அழுதிருந்தாகூட தேவல. அழுவல கோகி. 'வுடு, அவங்க பழக்கம் அது'ன்னு சொல்லிட்டு, அந்தப் பாலைக் கொண்டுபோய் ஊத்திட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிடுச்சு. அதுக்குப் பழகிப் போச்சு. எனக்குப் பழகல."

"அதில்ல அறிவு. சத்தியமா அதில்ல."

"பின்ன இன்னா? சொல்லு, கேக்குறேன்."

காத்திருந்தாள். காரணம் என் காலில் இருந்தது, லேஸ் கட்டி. நான், "அன்னைக்கு உடம்பு சரியில்ல" என்றேன்.

அவள் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன், பொய் இல்லாமல்.

அவள் கேட்டு நின்றபோது எனக்குள் ஓடியது இதுதான்: அவள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். ஜாதி பார்க்கிறவள் என்று நினைத்துக்கொள்ளட்டும், நொண்டி என்று தெரிய வேண்டாம். ஒரு நிமிஷம் அதில் நிம்மதிகூட இருந்தது. இதை நினைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஊரில் ஜாதி பார்ப்பது கௌரவம், நொண்டுவது கேவலம். அந்த ஊர்க்காரிதான் நான் என்று தெரிந்துவிட்டது.

இன்னொன்று. அம்மா கேட்டபோது "தெரியலம்மா" என்றேனே, அது பொய். கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை, ஆனால் தெரியும். தெரியும் என்று சொன்னால் அம்மா அடுத்து என்ன சொல்லும் என்று பயம், போன் ஸ்பீக்கரில் இருந்தது. அறிவைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டே லென்ஸை மாற்றிக்கொண்டிருந்தாள். லென்ஸில் ஒரு கோளாறும் இருந்திருக்காது.

ஆகஸ்ட் 13, புதன்

ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

அறிவு வேறு வேலை தேடுகிறாள் என்று கூரியர்காரர் சொன்னார். என்னிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. நாங்கள் சிநேகிதிகள் என்று நினைத்திருப்பார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வியாசர்பாடிக்குப் போனேன். சொல்லிவிட்டுப் போகவில்லை, சொல்லியிருந்தால் வேண்டாம் என்பாள்.

மூன்றாவது மாடி நடையில் நின்றபோது கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து லேஸை அவிழ்த்தேன். அவசரத்தில் ஒரு முடிச்சு இறுகிக்கொண்டது. இவ்வளவு உயர பூட்ஸைக் கண்டுபிடித்தவன் நம் ஊர் வாசலில் ஒரு நாள் நின்று பார்த்திருக்க வேண்டும். எதிர்வீட்டுப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன். கழற்றிய இரண்டையும் அங்கே கிடந்த செருப்புகளோடு வைத்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று உயரம், ஒன்று குட்டை என்று பச்சையாகத் தெரிந்தது.

படியைத் தாண்டினேன். தரை ஜில்லென்று இருந்தது. வெறுங்காலில் நான் நடக்கும்போது உடம்பு வலப்பக்கம் ஒரு குழியில் விழுந்து விழுந்து எழும். பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லாமல், நடுக்கூடம் வரை அப்படியே நடந்தேன்.

பூங்காவனம்மா டிவி பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் எழுந்துவிட்டார். "யாரு? ஐயோ, காலுக்கு இன்னாம்மா ஆச்சு?"

"சின்ன வயசுல இருந்தே இப்படித்தானுங்ம்மா. விழுந்துட்டேன். பூட்ஸு போட்டா தெரியாதுங்க. கழட்டுனா தெரிஞ்சுரும். அன்னைக்கு அதுக்குத்தான் உள்ள வரல. வேற ஒண்ணும் இல்லீங்க. வேற ஒண்ணுமே இல்லீங்க." இதை ரயிலில் வரும்போதே பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

"அதுக்கா வாசல்லயே நின்ன? பைத்தியமே! உக்காரு, உக்காரு மொதல்ல."

அறிவு உள்ளறைக் கதவில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. என் காலைப் பார்த்துத் திடுக்கிடுவாள், பிறகு ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"காலு எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"நான் காலப் படம் புடிச்சு சோறு துன்றவ. சேந்த மொத வாரமே தெரியும். ஸ்டூடியோல எல்லாருக்கும் தெரியும், இம்தியாஸ் சாரத் தவிர. ஒருத்தரும் அதப் பத்திப் பேசுனதில்ல. பேச இன்னா இருக்கு?"

எட்டு வருஷம். வாசல் வாசலாக நின்று திரும்பிய எட்டு வருஷமும் கண்முன்னால் வந்தது. "தெரிஞ்சும் அப்படி நெனச்சியா?" என்றேன்.

"தெரிஞ்சதாலதான் நெனச்சேன். எங்களுக்குத் தெரியும்னு உனக்கும் தெரியும்னு இருந்தேன். அப்ப காலு காரணமா இருக்க முடியாது. மிச்சம் இன்னா காரணம் கோகி இருக்கு எங்க வூட்டு வாசல்ல நிக்கிறதுக்கு?" கோகி என்று சொல்லிவிட்டாள், அவளுக்கே தெரியாமல். குரல் மட்டும் இளகவில்லை. "உனக்கு ஷூவக் கழட்டுனா முடிஞ்சு போச்சு. நாங்க எத்தக் கழட்டுறது?"

அவள் கேட்டதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"வுடு அறிவு. வூட்டுக்கு வந்த பொண்ண நிக்க வெச்சுப் பேசாத" என்று சொல்லிவிட்டுப் பூங்காவனம்மா சமையலறைக்குப் போனார். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். எங்கள் வீட்டில் யாரும் டம்ளரில் உதடு வைப்பதில்லை, அண்ணாந்து ஊற்றிக்கொள்வோம். அந்தப் பழக்கத்தில் தலையைப் பின்னால் சாய்த்து டம்ளரைத் தூக்கினேன்.

தூக்கியபோது அறிவைப் பார்த்தேன். அவள் என் காலைப் பார்க்கவில்லை. உள்ளே வந்ததிலிருந்து ஒரு தடவைகூட என் காலைப் பார்க்கவில்லை. என் கையையும் வாயையும் அவற்றுக்கு நடுவில் இருந்த இடைவெளியையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டம்ளரை இறக்கினேன். விளிம்பில் உதட்டை வைத்து, நன்றாகவே வைத்து, மடமடவென்று கடைசிச் சொட்டு வரை குடித்தேன். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

அறிவு வந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். சிரிக்கவில்லை.

"இன்னும் வேணுமா?"

தாகமே இல்லை. "வேணும்" என்றேன்.